‘பரவாயில்லை’க்கு எத்தனை மார்க்?

உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற சாலையில், கொஞ்சம் உள்ளடங்கி இருக்கிறது எங்கள் ஊர். மேற்கே மலை மறைத்து நிற்கும். வீட்டுக்குள் செல்போன் மணி அடிக்கும். எடுத்து ‘அலோ’ சொன்னால் எதிர்முனைப் பேச்சு பாதி விழும், பாதி விழாது. அதனால் மணி அடித்ததுமே அம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிப் படியேறிவிடுவார். முழங்கால் வலி உள்ளவர். பதினாறு படி.

போன பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தபோது அப்படியொரு அழைப்பு வந்தது. அவர் வைத்திருக்கும் சிம் நிறுவனத்துக்காக வாடிக்கையாளர் கருத்துக் கேட்கிற பையன். இரண்டு தடவை கட் ஆகி, மூன்றாவது தடவைதான் கேள்வியே முழுசாகக் கேட்டது. "எங்க சர்வீசுக்கு ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எத்தனை மார்க்கும்மா போடுவீங்க?"

"நல்லாத்தேன் இருக்கு தம்பி. பத்தே போட்டுக்கப்பா."

கீழே இறங்கி வந்தவரிடம், "ரெண்டு தடவை கட்டாச்சு, பத்து மார்க்காம்மா போடுவ?" என்றேன்.

"அந்தப் பய என்ன பண்ணுவான் பாவம்? டவரு கிடைக்கலைன்னு அவனைப் போயா வையிறது? நான் குறைச்சுச் சொல்லி, அவன் சம்பளத்துல பிடிச்சுட்டா?"

அம்மா மார்க் போட்டது அந்தப் பையனுக்கு. ஏதோ ஒரு கணினி அட்டவணையில் அது நெட்வொர்க் வாங்கிய மார்க்காக ஏறியிருக்கும். வாடிக்கையாளர்களில் இத்தனை சதவீதம் பேர் திருப்தி என்று செய்தியிலோ விளம்பரத்திலோ ஓர் எண் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்துதான் நினைவுக்கு வருகிறது. அந்த எண்கள் எப்படி உண்டாகின்றன, எதை அளக்கின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்று எங்கள் மாடிப்படியில் நின்று பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

அம்மா செய்ததற்கு ஆய்வுத் துறையில் பேரே உண்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கள ஆய்வுகளைப் பற்றி 1963-இல் எமிலி ஜோன்ஸ் எழுதினார்: கேட்கிறவர் மனம் கோணாதபடி பதில் சொல்லும் பண்பு, ஆய்வின் முடிவையே ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. மரியாதைச் சாய்வு என்று தமிழில் சொல்லலாம். விருந்துக்குப் போன வீட்டில் ‘குழம்பு எப்படி இருக்கு’ என்று கேட்டால் உப்புக் குறைவு என்றா சொல்கிறோம்? போனில் வரும் குரலும் நமக்கு ஒரு விருந்தாளிதான்.

கேட்கிறவர் எதிரிலேயே இருந்தால் இந்தச் சாய்வு இன்னும் கூடும். மதுரையில் ஒரு ஷோரூமில் பழைய சிம்மை மாற்றப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் கவுன்ட்டரில் இருந்த பெண், "சார், உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும். அஞ்சு ஸ்டார் போட்டுருங்க சார். நாலு போட்டாக்கூட எங்களைக் கேப்பாங்க" என்றார். குரலில் உண்மையான கவலை இருந்தது. போட்டேன். போடாமல் எப்படி வருவது? ஆனால் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றதைச் சொல்ல அந்த மெசேஜில் இடமே இல்லை. ஊழியரின் ஊக்கத்தொகையோடு மார்க்கைக் கட்டிவிட்டால், அதற்குப் பிறகு அந்த மார்க் சேவையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மரியாதையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் அம்மாவின் பத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதுதான் இந்த விஷயத்தின் நடு நரம்பு. தொண்ணூறுகளில் திருப்பூரில் வேலை பார்த்த மாமாவோடு பேச வேண்டுமென்றால் அம்மா உசிலம்பட்டி போக வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத். ராத்திரி ரேட் குறையும் வரை பெஞ்சில் காத்திருந்து, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாகப் பேசிவிட்டு வைக்க வேண்டும். செல்போன் வந்த பிறகும் 2003 மே மாதம் வரை நமக்கு வருகிற அழைப்புக்கும் நாம்தான் காசு கொடுத்தோம். அந்தக் காலத்தையும் இன்றைய பதினாறு படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பதினாறு படி ஒன்றுமே இல்லை.

திருப்தியைப் பற்றிய ஆய்வுகளில் அடிப்படையாகக் கொள்ளப்படும் விளக்கமும் இதுவே. ரிச்சர்ட் ஆலிவர் 1980-இல் முன்வைத்தது: ஒருவர் எதை எதிர்பார்த்தார், எது கிடைத்தது, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் திருப்தியும் அதிருப்தியும். கிடைத்தது எவ்வளவு என்பது அதில் பாதிக் கணக்குதான். எங்கள் சித்தி மகள் மதுரை அண்ணாநகரில் இருக்கிறாள். கையில் 5ஜி போன். வீடியோ கால் அரை நிமிடம் உறைந்து நின்றால் அவள் நாலு மார்க் போடுவாள். அம்மா வைத்திருப்பதும் அதே நிறுவனத்தின் சிம்தான். மார்க்கை மட்டும் பார்க்கிறவருக்கு மதுரை நகரத்தில் நெட்வொர்க் மோசம், எழுமலைப் பக்கம் பிரமாதம் என்றுதான் படும். எதிர்பார்க்கவே கற்றுக்கொள்ளாதவர்களின் திருப்தியை, நல்ல சேவைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

இந்தச் சிக்கலை ஆய்வாளர்கள் அறியாமல் இல்லை. 1994-இல் தொடங்கிய அமெரிக்க வாடிக்கையாளர் திருப்திக் குறியீடு, செல்போன் நிறுவனங்கள் உட்படப் பல துறைகளை அளந்து வருகிறது. ஒரே கேள்வியோடு அது நிற்பதில்லை. மொத்தத்தில் எவ்வளவு திருப்தி, நீங்கள் எதிர்பார்த்ததற்கு மேலா கீழா, உங்கள் மனத்தில் உள்ள அருமையான சேவைக்கு இது எவ்வளவு நெருக்கம் என்று மூன்று கேட்டு, 1 முதல் 10 வரை வரும் பதில்களை 0 முதல் 100 வரையான எண்ணாக மாற்றுகிறது. மூன்றாவது கேள்வியை அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், படி ஏறாமல் அடுப்படியிலேயே நின்று பேசுகிற ஒரு போனை அவர் மனத்தில் வரைந்து பார்த்திருப்பார்.

இனி அந்த மார்க்குக்கே வருகிறேன். இன்று எல்லா ஆய்விலும் வரும் ஐந்து படி அளவுகோலின் மூலம் 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்த முறை. தமிழில் அது ‘மிகவும் திருப்தி, திருப்தி, இரண்டும் இல்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி’ என்று வருகிறது. எங்கள் ஊரில் ‘எனக்கு அதிருப்தி’ என்று வாயால் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ‘ஏதோ ஓடுது’, ‘குத்தம் சொல்றதுக்கில்ல’, ‘அதுபாட்டுக்கு இருக்கு’ என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ‘பரவாயில்ல’. இந்த ஒரு சொல்லைக் குரலை மாற்றி எத்தனை விதமாகச் சொல்கிறோம்! ‘பரவாயில்லையே!’ என்று இழுத்தால் பாராட்டு. ‘பரவால்ல’ என்று தட்டையாகச் சொன்னால், இதற்கு மேல் என்ன கிடைத்துவிடும் என்று ஒப்புக்கொண்டது. ‘பரவால்ல, விடுப்பா’ என்றால் குறை இருக்கிறது, மன்னித்துவிட்டேன் என்று பொருள். மூன்றையும் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்பதை, ஒரு நாளைக்கு இத்தனை படிவம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கும் பையனோ பெண்ணோதான் முடிவு செய்கிறார்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அப்படி இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2009-இல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளில் வாடிக்கையாளர் கருத்துக்கும் இலக்கு வைத்தது. மொத்தத் திருப்தி 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றது. பில் விஷயத்தில் 95. நூறு பேரில் இருபது பேர் ‘பரவால்ல’ என்றால், அந்த இருபதை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நிறுவனம் தேறும், அல்லது தோற்கும்.

பத்து மார்க் அளவுகோலில் இன்னொரு கோளாறு. நிறுவனங்கள் பெரிதும் விரும்புகிற முறை ஒன்று உண்டு. ‘எங்களை நண்பருக்கோ உறவினருக்கோ பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை சொல்லுங்கள்’ என்று ஒரே கேள்வி. ஃபிரெட் ரைக்கெல்ட் 2003-இல் பிரபலமாக்கியது. 9, 10 போடுகிறவர்கள் ஆதரவாளர்கள். 7, 8 கணக்கில் சேராது. 0 முதல் 6 வரை போடுகிறவர்கள் எல்லாம் குறை சொல்பவர்கள். ஆதரவாளர் சதவீதத்தில் குறை சொல்பவர் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் அந்த மதிப்பெண்.

நம் மண்ணில் இதைப் போட்டுப் பாருங்கள். அறுபது மார்க் எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று வளர்ந்தவர்கள் நாம். பத்துக்கு ஆறு போடுகிற மதுரைக்காரர் பாஸ் போட்டதாகத்தான் நினைக்கிறார். கணக்கு அவரை எதிரியின் பக்கம் சேர்த்துவிடுகிறது. பத்துப் பேரில் நாலு பேர் 6, மூன்று பேர் 8, மூன்று பேர் 9 போட்டதாக வைத்துக்கொள்வோம். சராசரி 7.5. நம் மார்க் ஷீட்டில் டிஸ்டிங்ஷன். இந்த முறையிலோ 30-இல் 40 போக மைனஸ் 10. ஒரே பத்துப் பேர், ஒரே பதில்கள். அளவுகோல் எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து டிஸ்டிங்ஷனும் ஆகும், மைனஸும் ஆகும். ஒரே ஊரில் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் ஒப்பிட இது உதவலாம். ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு வைத்துப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

இதுவரை சொன்னது கேள்விக்குப் பதில் சொன்னவர்களைப் பற்றி. கேள்வியே போய்ச் சேராதவர்கள்தான் எனக்கு இதில் பெரிய கவலை.

சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவரைப் போனில் அழைத்து ‘சிக்னல் எப்படி இருக்கிறது’ என்று கேட்க முடியாது. அவர் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும். கணினி அடுத்த எண்ணுக்குப் போய்விடும். போன் வழியாக நடக்கும் எந்த ஆய்வும் நெட்வொர்க் நன்றாக உள்ளவர்களிடம்தான் அதிகம் போய்ச் சேருகிறது. குறை எங்கே மிகுதியோ அங்கே குரல் குறைவு. அதே போல, சலித்துப்போய் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டவர்கள் இந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் கேட்டால் திருப்தி கூடத்தான் செய்யும்.

எண்ணிக்கையையும் கொஞ்சம் பார்க்கலாம். 400 பேரிடம் கேட்டால் முடிவில் சுமார் 5 சதவீதம் முன்பின் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. தமிழ்நாடு முழுவதும் ஒரு நிறுவனத்துக்கு 400 பேர் என்று எடுத்துக்கொண்டால் அது ஏற்கத்தக்க அளவுதான். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 7 கோடியே 21 லட்சத்தில் மதுரை மாவட்டம் 30 லட்சத்து 38 ஆயிரம். நூற்றுக்கு நாலு பேர். அந்த விகிதப்படி 400-இல் மதுரை மாவட்டத்துக்கு விழுவது பதினேழு பேர். 17 பேரை வைத்துச் சொல்லும் முடிவில் 24 சதவீதம் அளவுக்கு முன்பின் இருக்கும். மாவட்டத்தில் தாலுகாக்கள் பதினொன்று. உசிலம்பட்டிக்கு ஒருவரோ இருவரோ. அந்த ஒருவர் என் அம்மாவாக இருந்து, பத்து மார்க் போட்டுவிட்டால் உசிலம்பட்டி தாலுகா முழுவதும் மனநிறைவோடு இருக்கிறது என்று ஆகிவிடும். மாநில அளவில் எடுத்த ஆய்வு மாநிலத்தைப் பற்றித்தான் பேசும். அதை வைத்து நம் ஊர் நெட்வொர்க்கைப் பற்றி யாராவது பேசினால், பதினேழு பேர் என்பதை நினைவில் வையுங்கள்.

மனிதர்களைக் கேட்டால் இத்தனை சாய்வு இருக்கிறதே, கருவிகளைக் கேட்டால் என்ன? டிராய் அதையும் செய்கிறது. எத்தனை அழைப்புகள் பாதியில் அறுந்தன என்று நிறுவனங்களின் கணினிகளே எண்ணி வைத்திருக்கின்றன. அறுந்துபோகும் அழைப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. ஆனால் அது தொலைத்தொடர்பு வட்டம் முழுவதற்குமான சராசரி. இந்த வட்டம் தாலுகா அல்ல, ஏறக்குறைய ஒரு மாநிலம். நூறு டவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 95 டவர்களில் நூற்றுக்கு ஒரு அழைப்பு அறுகிறது. மீதி ஐந்தில் நூற்றுக்கு இருபது. எல்லா டவரிலும் ஒரே அளவு அழைப்புகள் என்றால் சராசரி 1.95. பாஸ். அந்த ஐந்து டவர்களின் அடியில் வாழ்கிறவர்களுக்கு ஐந்தில் ஒரு பேச்சு பாதியில் நிற்கிறது. உண்மையில் மலையோரத்து டவர்களில் பேசுகிறவர்களே குறைவு. அதனால் அவர்கள் படும் பாடு சராசரியில் இன்னும் கரைந்துவிடும்.

2017-இல் டிராய் இந்தச் சராசரியைக் கைவிட்டது எனக்கு முக்கியமான திருப்பமாகத் தெரிகிறது. அந்த அக்டோபரிலிருந்து, 90 சதவீத டவர்ப் பகுதிகளில், 90 சதவீத நாட்களில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டது. மோசமான நாட்களையும் கணக்கில் பிடிக்கத் தனியாக 3 சதவீத வரம்பு. 2024 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்து, அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்ததை 2025 ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எந்த இடத்தில் 2ஜி, எங்கே 4ஜி, எங்கே 5ஜி என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் போட வேண்டும். ஒரு மாவட்டத்தில் சேவை பெரிய அளவில் முடங்கி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், ப்ரீபெய்டுக்காரருக்கு வேலிடிட்டி நீட்டிப்பு, போஸ்ட்பெய்டுக்காரருக்கு வாடகைக் கழிவு. மாவட்டம் என்ற சொல் விதிக்குள் வந்ததே எனக்கு நிம்மதி. வட்டம் என்று பேசும்வரை கோடம்பாக்கமும் எழுமலையும் ஒரே தட்டில்தான் இருந்தன.

வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வைக்கவும் ஒரு முயற்சி நடந்தது. அறுந்துபோகும் ஒவ்வோர் அழைப்புக்கும் 1 ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று வரை என்று 2015 அக்டோபரில் டிராய் விதி போட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 1955 என்ற எண்ணிலிருந்து தானியங்கிக் குரலில் வாடிக்கையாளர்களை அழைத்து, அழைப்பு அறுகிறதா என்று கேட்கத் தொடங்கியது. பதிவு செய்த குரலிடம் யாரும் இரக்கப்பட மாட்டார்கள் என்பதால் அம்மா போன்றவர்களிடம் அது நேர்மையான பதிலை வாங்கக்கூடும். ஆனால் அழைப்பு போய்ச் சேர வேண்டும் என்ற பழைய சங்கடம் அதற்கும் உண்டு.

கருவிகளின் கணக்கிலும் வாடிக்கையாளர் படுகிற பாடு முழுக்க ஏறிவிடாது. கஸ்டமர் கேருக்கு அழைத்தால் 95 சதவீத அழைப்புகளில் 90 விநாடிக்குள் ஆள் எடுக்க வேண்டும் என்று அளவு வைத்திருந்தார்கள். அந்த 90 விநாடி, ஆளோடு பேச வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுத்த பிறகு ஓடத் தொடங்குவது. அதற்கு முன் மொழிக்கு ஓர் எண், ரீசார்ஜுக்கு ஓர் எண், புதிய திட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் விளம்பரம் என்று எத்தனை படி ஏறினோம் என்பது அந்தக் கணக்கில் இல்லை. மாடியில் வெயிலில் நிற்கிறவருக்கு எல்லாமே காத்திருப்புதான். சித்திரைத் திருவிழாவும் அப்படித்தான். அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் வைகைக் கரையில் லட்சக்கணக்கான பேர் கூடும்போது, கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவருக்கு போன் போகவில்லை என்றால் அந்த ஓர் அழைப்புதான் அவருக்கு அந்த வருடத்தின் நெட்வொர்க். ஆண்டுக் கணக்கில் அது ஒரு புள்ளி.

இரண்டு சிம் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் போனில் இரண்டு சிம் வைத்திருக்கிறோம். ஒன்று பேச, ஒன்று நெட்டுக்கு. அல்லது பேங்க் ஓ.டி.பி. வருவதற்காகவே பழைய எண். ‘உங்கள் நெட்வொர்க் எப்படி’ என்றால் எதைச் சொல்வது? 2017-இல் இது பெரிய சண்டையாகவே ஆனது. வேகத்தை அளக்கும் ஊக்லா நிறுவனத்தின் முடிவை வைத்து, இந்தியாவின் அதிவேக நெட்வொர்க் என்று ஏர்டெல் விளம்பரம் செய்தது. இரண்டு சிம் போன்களில் ஒரு சிம்மின் வேகம் இன்னொன்றின் பெயரில் பதிவாகிறது என்று ஜியோ வாதிட்டது. ஊக்லா தன் முறை சரியென்றே நின்றது. கடைசியில் விளம்பரத் தரக் கவுன்சில் அந்த விளம்பரத்தைத் திருத்து, இல்லையேல் எடு என்று சொன்னது. வேகச் சோதனை ஆப்பை யார் இறக்கிவைத்திருக்கிறார்கள், எப்போது தட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அம்மாவின் பட்டன் போனில் அந்த ஆப் இல்லை.

சொல்வதை விட்டுவிட்டு, ஆட்கள் செய்வதைப் பார்ப்பது ஒரு வழி. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போர்ட் எண் வரும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவதற்கு மூன்று வேலை நாள். எத்தனை பேர் போர்ட் கேட்டார்கள், எத்தனை சிம் உண்மையில் இயங்குகிறது என்று டிராய் மாதந்தோறும் வெளியிடுகிறது. திருப்தி ஆய்வைவிட இந்த எண்களை நான் அதிகம் நம்புகிறேன். 2024 ஜூலை தொடக்கத்தில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றின. அந்த ஒரே மாதத்தில் பி.எஸ்.என்.எல்.லுக்குச் சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்கள் கூடினார்கள். சில மாதங்களில் அந்த ஏற்றம் நின்று, நவம்பரில் குறையத் தொடங்கியது. விலைக்காகப் போனவர்களில் ஒரு பகுதியினர் சேவையைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். 28 நாளை ஒரு மாதம் என்று வைத்து வருடத்துக்குப் பதிமூன்று முறை ரீசார்ஜ் செய்ய வைத்தது பற்றியும் ஜனங்களுக்கு நீண்ட நாள் கோபம். 30 நாள் திட்டமும் வைத்தே ஆக வேண்டும் என்று 2022-இலும், நெட் வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்குத் தனித் திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரிலும் டிராய் உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஆனால் காலால் போடும் இந்த ஓட்டும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஊரில் ஒரே நிறுவனத்தின் டவர்தான் ஓரளவு எட்டுகிறது என்றால் எங்கே மாறுவது? 2018 பிப்ரவரியில் தமிழ்நாடே இதைப் பார்த்தது. 1999-இல் இங்கே தொடங்கி, கிராமம் கிராமமாக வேர்விட்ட ஏர்செல், டவர் நிறுவனத்தோடு வந்த தகராறில் திடீரென்று முடங்கியது. மாதக் கடைசியில் திவால் மனு. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் போர்ட் போட முயன்றார்கள். போர்ட் கேட்கும் எஸ்.எம்.எஸ். போவதற்கே சிக்னல் வேண்டும், அதுதான் இல்லை. கடைகளின் முன் வரிசை. பேங்க், கேஸ், ரேஷன் எல்லாம் அந்த எண்ணில் கட்டியிருந்தவர்கள் பட்ட அவதி சாதாரணமானதல்ல. ஒருவர் மாறாமல் இருக்கிறார் என்பதால் அவர் திருப்தியாக இருக்கிறார் என்று எழுதிவிட முடியாது.

இத்தனையும் சொல்வதால் ஆய்வே வேண்டாம் என்பது என் கட்சியில்லை. கேள்வியை மாற்றினால் போதும். ஜே.டி. பவர் போன்ற ஆய்வு நிறுவனங்கள் அமெரிக்காவில் நெட்வொர்க்கின் தரத்தை, 100 பயன்பாட்டுக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணிச் சொல்கின்றன. எப்படி இருக்கிறது என்று கேட்டால் நாம் மரியாதைக்குப் பேசுவோம். எத்தனை தடவை என்று கேட்டால் விரல்விட்டு எண்ணுவோம். நேற்று எத்தனை அழைப்பு அறுந்தது, பேச எங்கே போய் நின்றீர்கள், கடைசியாகப் புகார் கொடுத்து எத்தனை நாளில் சரியானது. வீட்டுக்கு நேரில் வந்து, சிக்னல் விழாத தெருவிலும் கேட்க வேண்டும். செலவு பிடிக்கும். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வீடு வீடாகப் போகிற நாட்டில் இது நடக்காத காரியம் இல்லை.

புகார் என்றதும் ஒன்று. 198-க்கு அழைத்துப் புகார் சொன்னால் அதற்கு ஒரு பதிவு எண் தர வேண்டும் என்பது 2012-லிருந்தே விதி. சரியாகவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. டிராய் தனிநபர் புகாரை எடுத்துக்கொள்வதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. எந்த ஆய்வு நம்மை விட்டுவிட்டாலும், பதிவு எண் உள்ள புகார் கணக்கில் நிற்கும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். "நேத்து விடிஞ்சதுலேருந்து படுக்கிற வரைக்கும், போன் பேச எத்தனை தடவைம்மா மாடிக்கு ஏறுன?"

கொஞ்சம் யோசித்தார். "காலையில பால் சொசைட்டியிலேருந்து ஒண்ணு. உங்க சித்தி பேசுனா, அது ஒண்ணு. கேஸ்காரரு ஒண்ணு. உங்க மாமா பேசுறப்ப கட்டாகி எறங்கி, மறுபடி ஏறி, மறுபடியும் கட்டாகி... அதுவே மூணு. ராத்திரி நீ. ஏழு."

"பதினாறு படி. ஏழு தடவை."

"நூத்திப் பன்னெண்டா?" என்று அவரே கணக்குப் போட்டார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டார்.

நாள், நேரம், எந்த அழைப்பு எப்போது அறுந்தது என்று மூன்று நாளைக்குக் குறித்துவைத்தோம். மாடிக்குப் போய் 198-இல் அவரே பேசிப் புகார் கொடுத்தார். இந்த முறை எடுத்ததும் ஒரு பையன்தான். "உன் மேல குத்தமில்லப்பா" என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வந்த பதிவு எண்ணைக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.